ஜீவபலியும் ஒலிவமரமும்: யூத மக்களை மறவாத பக்திக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அர்ப்பணிப்பைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் ரோமர் 12:1-ஐ எடுக்காமல் விடுவதில்லை. நம் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்க அழைக்கும் அந்த வசனம் நம்மில் பலருக்கு மனப்பாடம். ஆனால் அது "அப்படியிருக்க" என்ற சொல்லோடு தொடங்குகிறது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எப்படியிருக்க? அதற்கு முந்தைய மூன்று அதிகாரங்களில் பவுல் எதைச் சொல்லி முடித்தாரோ, அப்படியிருக்க. அந்த மூன்று அதிகாரங்களும் யூத மக்களைப் பற்றியவை.

நான் முதன்முதலாக ரோமர் நிருபத்தை வேதபாடமாக நடத்தியபோது, எட்டாம் அதிகாரத்தை முடித்த கையோடு பன்னிரண்டாம் அதிகாரத்துக்குப் போய்விட்டேன். இடையில் இருப்பவை இஸ்ரவேலருக்கு உரியவை, நம்முடைய ஆவிக்குரிய வாழ்க்கைக்கு உடனடியாகத் தேவைப்படாதவை என்று வகுப்பில் சொல்லவும் செய்தேன். அது தவறு என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. யூத மக்களுக்குத் தேவன் காட்டிய உண்மையை ஒதுக்கிவிட்டுக் கட்டப்படும் பக்தி, அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மேல்மாடியிலிருந்து தொடங்குகிற வீடு போன்றது. அந்தத் தவறைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதைத் தனியாகவும் கடைப்பிடிக்கலாம், சிறு குழுவாகவும் கடைப்பிடிக்கலாம். ஒரு படிக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது வாரங்கள் ஆகும். மூன்றாவது படிக்கும் ஐந்தாவது படிக்கும் இரண்டிரண்டு வாரங்கள் கொடுத்தாலும் தகும்.

முதல் படி: மூன்று அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசியுங்கள்

ரோமர் 9, 10, 11 ஆகிய மூன்றிலும் சேர்த்து மொத்தம் 90 வசனங்களே உள்ளன. நிதானமாக, வாய்விட்டு வாசித்தாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் நாளில் விளக்கவுரை எதையும் புரட்டாமல், ஒரு மனிதன் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதியாக மட்டும் இதை வாசியுங்கள்.

வாசிக்கும்போது மூன்று இடங்களில் பென்சிலால் அடையாளமிடுங்கள். முதலாவது 9:2-3. தம் இருதயத்தில் மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டு என்று பவுல் சொல்கிறார். தம் இனத்தாருக்காகத் தாமே கிறிஸ்துவைவிட்டுச் சபிக்கப்பட்டவராகப் போகவும் துணிகிறார். எந்த விவாதமும் தொடங்குவதற்கு முன்னே அவர் அழுகிறார் என்பதை மறக்க வேண்டாம். இரண்டாவது 11:1. தேவன் தம்முடைய ஜனத்தைத் தள்ளிவிட்டாரோ என்று அவரே கேள்வி எழுப்பி, இல்லை என்று அவரே உடனே மறுக்கிறார். மூன்றாவது 11:33-36. தேவனுடைய ஞானத்தின் ஆழத்தைப் பார்த்து வியந்து துதிக்கும் வரிகள் அவை. துக்கத்தில் தொடங்கி, கேள்வியின் வழியாக நடந்து, துதியில் வந்து சேர்கிற இந்த நடையைத்தான் அடுத்த வாரங்களில் நாமும் பின்பற்றப் போகிறோம்.

9:4-5-இல் ஒரு பட்டியல் இருக்கிறது. புத்திரசுவிகாரம், மகிமை, உடன்படிக்கைகள், நியாயப்பிரமாணம், தேவாராதனை, வாக்குத்தத்தங்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணி, அவை "அவர்களுடையவைகளே" என்கிறார் பவுல். தம் இனத்தாரில் பலர் இயேசுவை மேசியாவாக ஏற்கவில்லை என்ற வேதனையின் நடுவிலேயே அவர் இதை எழுதுகிறார். அப்படியிருந்தும், ஒரு காலத்தில் அவர்களுடையவையாக இருந்தன என்று அவர் எழுதவில்லை.

இரண்டாம் படி: ஒலிவமரத்தின் முன் நில்லுங்கள்

11:17-24 பகுதியை இந்த வாரம் முழுவதும் தினமும் ஒருமுறை வாசியுங்கள். பவுல் சொல்லும் உவமை நமக்கு அதிகம் பழகிவிட்டதால் அதன் கூர்மை மழுங்கியிருக்கிறது. ஆகவே ஒட்டுக்கட்டும் ஒருவரின் கைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவர் மரத்தின் கிளையை வெட்டி, வெட்டிய முகத்தைக் கத்தியால் பிளக்கிறார். வேறொரு மரத்திலிருந்து கொண்டுவந்த சிறு குச்சியின் அடியை ஆப்பு போலச் சீவி, அந்தப் பிளவுக்குள் செருகுகிறார். பட்டையின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய பச்சை அடுக்கு இரண்டிலும் ஒன்றோடொன்று தொட வேண்டும். கொஞ்சம் விலகினாலும் குச்சி காய்ந்துபோகும். பிறகு இறுகக் கட்டி, காற்றும் ஈரமும் புகாதபடி மூடிவிட்டுக் காத்திருக்கிறார். மரத்தின் சாரம் ஏறித் துளிர் விடும் நாள்வரை அந்தக் குச்சிக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது.

வழக்கத்தில் நல்ல மரத்தின் குச்சியைத்தான் காட்டு மரத்தில் ஒட்டுவார்கள். பவுலோ காட்டொலிவக் கிளை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டப்பட்டதாகச் சொல்லி, இது சுபாவத்துக்கு விரோதமானது என்று தாமே ஒத்துக்கொள்கிறார். புறஜாதியாராகிய நாம் உள்ளே வந்தது இயற்கையாக நடந்த காரியமும் அல்ல, நம் தகுதிக்குக் கிடைத்ததும் அல்ல. முழுக்க முழுக்கக் கிருபை. அதனால்தான் நாம் வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் நம்மைச் சுமக்கிறது என்று அவர் எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கையைப் பெற்றவர்கள் ரோமாபுரிச் சபையிலிருந்த புறஜாதி விசுவாசிகள். யூத மக்களை இளக்காரமாகப் பார்க்கும் வியாதி சபைக்குள் அத்தனை சீக்கிரமாகவே தலைகாட்டியிருக்கிறது.

இந்த வாரத்துக்கு ஒரு பயிற்சி. உங்கள் தனி ஜெபத்திலும் ஆராதனையிலும் வேரிலிருந்து வந்தவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆமென், அல்லேலூயா, ஓசன்னா ஆகிய மூன்றும் எபிரெயச் சொற்கள். ஏழு நாளில் ஒரு நாளைத் தேவனுக்கென்று பிரித்துவைப்பது, வேதத்தைச் சபையில் உரக்க வாசித்து விளக்குவது, சங்கீதம் பாடுவது, உணவுக்கு முன் ஸ்தோத்திரம் செலுத்துவது, எண்ணாகமம் 6:24-26-இல் ஆரோனுக்குக் கொடுக்கப்பட்ட ஆசீர்வாதம் என்று அந்தத் தாள் சீக்கிரமே நிரம்பிவிடும்.

மூன்றாம் படி: இயேசு ஜெபித்த ஜெபங்களை ஜெபியுங்கள்

நாம் இயேசுவைப் பின்பற்றுகிறோம் என்கிறோம். அவர் எப்படி ஜெபித்தார் என்பதைக் கேட்கும்போது கெத்செமனேயும் பரமண்டல ஜெபமும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. அவர் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, எட்டாம் நாளில் விருத்தசேதனம் பண்ணப்பட்டு, ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்துக்குச் செல்லும் வழக்கமுள்ளவராக வளர்ந்தார். லூக்கா 4:16-20-ஐ மெதுவாக வாசித்தால் அவருடைய அசைவுகளைக்கூடக் காணலாம்: வாசிக்க எழுந்து நிற்கிறார், ஏசாயாவின் புஸ்தகம் அவரிடத்தில் கொடுக்கப்படுகிறது, அதை விரித்து வாசிக்கிறார், மறுபடி சுருட்டிப் பணிவிடைக்காரனிடத்தில் கொடுத்துவிட்டு உட்காருகிறார். அந்த ஒழுங்கு அவருக்குப் பழக்கமானது.

பெரும்பாடுள்ள ஸ்திரீ அவருடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டாள் என்று மத்தேயு 9:20 சொல்கிறது. மூலத்தில் அங்கே இருக்கும் கிரேக்கச் சொல், எண்ணாகமம் 15:38-இல் இஸ்ரவேலர் தங்கள் வஸ்திரங்களின் ஓரங்களில் வைக்கும்படி கட்டளையிடப்பட்ட தொங்கல்களுக்குப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு பயன்படுத்திய அதே சொல். கர்த்தரின் கட்டளைகளை நினைக்கும்படி கட்டிக்கொண்ட நூல்களைத்தான் அவள் பிடித்திருக்க வேண்டும். சுகத்துக்காக நாம் எத்தனையோ முறை தியானித்த அந்தச் சம்பவத்தில், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்ட ஒரு யூதராக இயேசு நிற்பதை நான் மிகவும் தாமதமாகவே கண்டேன்.

பிரதான கற்பனை எது என்று கேட்கப்பட்டபோது, மாற்கு 12:29-இல் இயேசு "இஸ்ரவேலே கேள்" என்று தொடங்கும் உபாகமம் 6:4-ஐச் சொல்கிறார். ஷெமா எனப்படும் இந்த அறிக்கையை யூதர்கள் இன்றும் காலையிலும் மாலையிலும் சொல்கிறார்கள். அவரிடத்தில் கேட்ட வேதபாரகன் அந்தப் பதிலைப் பாராட்டுகிறான். நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல என்று இயேசு அவனிடம் சொல்கிறார். தேவனுடைய நாமம் பரிசுத்தப்படுவதையும் அவருடைய ராஜ்யம் வருவதையும் அடுத்தடுத்து வேண்டுகிற கதீஷ் என்ற யூத ஜெபத்தைக் கேட்கிற எந்தக் கிறிஸ்தவருக்கும் பரமண்டல ஜெபம் நினைவுக்கு வராமல் இருக்காது.

சங்கீதங்களை ஜெபிப்பதற்கு நான் கைக்கொள்ளும் முறை இது. ஒரு சங்கீதத்தை மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை அதை இஸ்ரவேலின் ஜெபமாக, அவர்கள் பயணத்திலும் சிறையிருப்பிலும் ஆலயப் பிராகாரத்திலும் சொன்னதாகக் கேளுங்கள். இரண்டாம் முறை இயேசுவின் வாயில் அதைக் கேளுங்கள். சிலுவையில் அவர் சொன்ன வார்த்தைகளில் இரண்டு 22-ஆம் சங்கீதத்திலும் 31-ஆம் சங்கீதத்திலும் இருப்பவை. மூன்றாம் முறை அதை உங்கள் சொந்த ஜெபமாகச் சொல்லுங்கள். அவசரத்தில் பலர் நேராக மூன்றாவது வாசிப்புக்கு வந்துவிடுகிறார்கள். முதல் வாசிப்பைத் தவிர்க்காதீர்கள்.

எடுத்துக்காட்டாக 130-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ஆழங்களிலிருந்து கூப்பிடும் ஒரு தனி மனிதனின் குரலோடு அது தொடங்குகிறது. விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரரைவிட அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்ற ஆறாம் வசனம் அதன் உச்சம். நம்முடைய தியானங்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. சங்கீதக்காரனோ நிற்கவில்லை. அடுத்த வரியிலேயே இஸ்ரவேல் கர்த்தரை நம்பியிருப்பதாக என்று தன் ஜனத்தை நோக்கித் திரும்புகிறான். கர்த்தர் இஸ்ரவேலை மீட்பார் என்று முடிக்கிறான். தன் ஆத்துமாவுக்காக அழுத கண்ணீர் ஒரு முழு ஜனத்துக்கான நம்பிக்கையாக விரிகிறது. ஏழாவது எட்டாவது வசனங்களில் "இஸ்ரவேல்" என்று வரும் இடத்தில் உடனே "சபை" என்று மாற்றிப் படிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்த இரண்டு வாரங்களுக்கு மட்டுமாவது அதை நிறுத்திவையுங்கள். எழுதப்பட்டபடியே சொல்லி, அந்த ஜனத்துக்காகவே ஜெபித்த பிறகு, அந்த நம்பிக்கையில் நமக்குக் கிடைத்த பங்குக்காக நன்றி சொல்லுங்கள்.

நான்காம் படி: கடினமான பகுதிகளைக் கவனத்தோடு வாசியுங்கள்

புதிய ஏற்பாட்டின் சில வசனங்கள், அவற்றை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திராத விதத்தில் யூதர்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டன. இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக என்று மத்தேயு 27:25-இல் இருக்கும் கூட்டத்தின் கூக்குரல் அவற்றுள் முதன்மையானது. அந்த முற்றத்தில் நின்றவர்கள் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும் என்று யோசியுங்கள். அந்தக் காலத்திலேயே யூதர்களில் மிகப் பலர் அலெக்சாந்திரியா, அந்தியோகியா, ரோமாபுரி என்று யூதேயாவுக்கு வெளியேதான் வாழ்ந்தார்கள். பிலாத்துவின் முன் நடந்தது அவர்களுக்குத் தெரியக்கூட வாய்ப்பில்லை. சிலுவையில் அறைவது ரோமருடைய தண்டனை. தீர்ப்பளித்தவன் ரோம தேசாதிபதி. இவர்களுக்கு மன்னியும் என்று இயேசு ஜெபித்ததை லூக்கா பதிவு செய்கிறார். பிதாவிடத்தில் அவர் கேட்ட மன்னிப்பு கொடுக்கப்படவில்லை என்று சொல்லும் அதிகாரம் நமக்கு யார் கொடுத்தது?

யோவான் சுவிசேஷத்தில் "யூதர்கள்" என்ற சொல் அடிக்கடி எதிர்ப்பாளர்களைக் குறித்து வருகிறது. அந்த இடங்களில் ஒவ்வொரு முறையும் யாரைக் குறிக்கிறது என்று கேட்கப் பழகுங்கள். யோவான் 9:22-இல் பிறவிக் குருடனின் பெற்றோர் யூதர்களுக்குப் பயந்தார்கள் என்று இருக்கிறது. அந்தப் பெற்றோரே யூதர்கள்! ஆகவே அங்கே அந்தச் சொல் எருசலேமின் அதிகாரத்தில் இருந்தவர்களைக் குறிக்கிறது, முழு இனத்தையும் அல்ல. இரட்சிப்பு யூதர்கள் வழியாய் வருகிறது என்று சமாரியா ஸ்திரீயிடம் இயேசு சொன்னதையும் இதே சுவிசேஷம்தான், 4:22-இல், நமக்குச் சொல்லியிருக்கிறது.

பரிசேயர் விஷயத்திலும் நாம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. மாய்மாலக்காரனைத் திட்டுவதற்கு "பரிசேயன்" என்ற சொல்லையே நாம் பிரசங்கங்களில் பயன்படுத்துகிறோம். ஏரோது உம்மைக் கொலைசெய்ய மனதாயிருக்கிறான், புறப்பட்டுப் போய்விடும் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயரே (லூக்கா 13:31). அப்போஸ்தலரை விட்டுவிடும்படி ஆலோசனைச் சங்கத்தில் பேசிய கமாலியேல் பரிசேயன். நிக்கொதேமு பரிசேயன். பவுல் அப்போஸ்தலனாக இருந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும், "நான் பரிசேயன்" என்று நிகழ்காலத்தில் சொன்னார் (அப்போஸ்தலர் 23:6). இயேசுவின் கடுமையான கடிந்துகொள்ளுதல்களை வாசிக்கும்போது, ஆமோசும் எரேமியாவும் தங்கள் சொந்த ஜனத்தைக் கடிந்துகொண்டது போலவே கேட்க வேண்டும். வீட்டுக்குள் உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் கண்டித்த வார்த்தைகளை வெளியே நிற்பவர்கள் எடுத்து அதே குடும்பத்தின்மேல் கல்லாக எறிந்தால், அது வேதத்துக்குக் கீழ்ப்படிவதாகாது.

ஐந்தாம் படி: சபையின் வரலாற்றை ஜெபத்தோடு படியுங்கள்

இந்தப் படி வேதனையானது. ஆனாலும் பாவ அறிக்கை இல்லாத பக்தி உண்மையானதாக இருக்க முடியாது.

இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர், பழைய ஏற்பாட்டின் தேவனும் இயேசுவின் பிதாவும் வேறுவேறு என்று போதித்தார். பழைய ஏற்பாட்டை முழுவதுமாகத் தள்ளி, லூக்காவையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும், அவற்றிலும் வெட்டிச் சுருக்கி வைத்துக்கொண்டார். 144-ஆம் ஆண்டளவில் ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது. சபை அன்று சரியாகவே தீர்ப்பளித்தது. ஆனால் பழைய ஏற்பாட்டின் கோபமுள்ள தேவன், புதிய ஏற்பாட்டின் அன்புள்ள தேவன் என்று இன்றைக்கும் நம் மேடைகளில் பேச்சு எழும்போதெல்லாம் மார்சியோனின் குரல்தான் திரும்பவும் ஒலிக்கிறது.

புத்தகத்தைக் காப்பாற்றிக்கொண்ட சபை, அந்தப் புத்தகத்தை நமக்குத் தந்த மக்களைக் காப்பாற்றவில்லை. இஸ்ரவேலின் இடத்தை நாம் பிடித்துக்கொண்டோம், தேவன் அவர்களைக் கைவிட்டார் என்ற போதனை மெல்ல மெல்ல ஊன்றியது. 386, 387-ஆம் ஆண்டுகளில் அந்தியோகியாவில், ஜெப ஆலயத்துக்கும் யூதப் பண்டிகைகளுக்கும் போய்வந்த கிறிஸ்தவர்களைத் தடுப்பதற்காக யோவான் கிறிசோஸ்தொம் எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். அவருடைய நாவன்மையைப் போற்றாதவர் இல்லை. அந்தப் பிரசங்கங்களில் யூதர்களைப் பற்றி அவர் பயன்படுத்திய சொற்களோ வாசிக்கவே கூசுபவை. 388-இல் கல்லினிக்கும் என்ற ஊரில் ஆயரின் தூண்டுதலால் ஒரு ஜெப ஆலயம் எரிக்கப்பட்டது. அதைத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று பேரரசர் தியோடோசியஸ் கட்டளையிட்டபோது, மிலான் ஆயர் அம்புரோஸ் எதிர்த்து நின்று அந்தக் கட்டளையைக் கைவிடச் செய்தார்.

1096-இல் முதல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் ஆகிய நகரங்களின் யூதர்களைக் கொன்று குவித்தன. தங்கள் உடைகளில் சிலுவையைத் தைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள். சிலுவை என்ற சொல் ஒரு யூதரின் காதில் எப்படி விழும் என்பதை அறிய விரும்புகிறவர் இந்த ஒரு செய்தியை மறக்க முடியாது. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் யூதர்கள் தனி அடையாளமுள்ள உடை அணிய வேண்டும் என்று விதித்தது. 1290-இல் இங்கிலாந்தும் 1492-இல் ஸ்பெயினும் அவர்களை நாட்டைவிட்டே துரத்தின. மார்ட்டின் லூத்தர் 1523-இல், இயேசு பிறப்பால் யூதர் என்று வலியுறுத்தி, யூதர்களை அன்பாக நடத்தும்படி எழுதினார். 1543-இல் அதே கை அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தும்படி எழுதியது. இருபது ஆண்டுகளில் ஒரு தேவ மனிதனின் உள்ளம் இப்படித் திரும்பக்கூடுமானால், தங்களைப் பற்றி நிச்சயமாக இருக்கும் நம் எல்லோருக்கும் அது எச்சரிப்பு. அந்த எழுத்துகளை அமெரிக்க லூத்தரன் திருச்சபை 1994-இல் வெளிப்படையாகத் தள்ளிவிட்டது.

நாசி ஆட்சியில் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். நாசிகளின் இன வெறியைக் கிறிஸ்தவப் போதனை என்று சொல்வது சரியாகாது. ஆனால் ஞானஸ்நானம் பெற்றவர்கள் நிறைந்த தேசங்களில் அது நடந்தது. நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த வெறுப்பு அந்த நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது.

இதே வரலாற்றில் வேறொரு நூலும் ஓடுகிறது. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் ஒரு கடிகாரக் கடையின் மேல்மாடியில், 1844-ஆம் ஆண்டு முதல் தென் பூம் குடும்பத்தார் யூத மக்களுக்காக வாரந்தோறும் ஜெபித்துவந்தார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, 1944 பிப்ரவரி 28-ஆம் தேதி, அதே வீட்டில் யூதர்களை ஒளித்துவைத்த குற்றத்துக்காகக் குடும்பத்தோடு கைது செய்யப்பட்டார்கள். வயதான தகப்பனார் காஸ்பர் பத்து நாட்களுக்குள் காவலில் மரித்தார். மகள் பெட்சி ராவென்ஸ்புரூக் முகாமில் மரித்தார். இன்னொரு மகள் கோரி உயிரோடு திரும்பினார். அவர்கள் ஜெபித்த அறையும் யூதர்களை ஒளித்துவைத்த மறைவிடமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

போருக்குப் பின் சபைகள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கின. 1947-இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பெர்க்கில் கூடிய யூதர்களும் கிறிஸ்தவர்களும், கிறிஸ்தவப் போதனையில் திருத்தப்பட வேண்டிய பத்துக் குறிப்புகளை வெளியிட்டார்கள். 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம், யூத வெறுப்பு தேவனுக்கும் மனிதனுக்கும் விரோதமான பாவம் என்று அறிவித்தது. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட நோஸ்திரா எத்தாத்தே என்ற அறிக்கை, கிறிஸ்துவின் பாடுகளுக்கான பழியை அக்காலத்து யூதர் அனைவர்மேலும், இக்காலத்து யூதர்மேலும் சுமத்த முடியாது என்று தெளிவாகச் சொன்னது. ரோமர் 11-இல் எழுதப்பட்டிருந்ததைப் படிக்க நமக்கு ஏறக்குறைய 1900 ஆண்டுகள் தேவைப்பட்டன.

குழுவாக இதைப் படிக்கிறவர்கள் வாசிப்பின் முடிவில் உடனே பேசத் தொடங்க வேண்டாம். சில நிமிடங்கள் அமைதியாயிருந்து, தானியேல் 9:4-19-ஐ ஒருவர் வாசிக்கட்டும். தான் செய்யாத பாவங்களையும் "நாங்கள்" என்று சேர்த்துக்கொண்டு அறிக்கையிட்ட ஜெபம் அது.

ஆறாம் படி: யூத மக்களுக்காக ஜெபிக்கும் விதம்

ரோமர் 10:1-இல் பவுல் தம் ஜனத்தின் இரட்சிப்புக்காக விண்ணப்பம் செய்கிறார். இயேசுவே மேசியா என்று நானும் அறிக்கையிடுகிறேன். அந்த அறிக்கையைச் சொல்லக் கூசினால் நான் பவுலைப் பின்பற்றுகிறவன் ஆகமாட்டேன். அதே வேளையில், யூதர்களிடத்தில் சுவிசேஷத்தை எப்படிச் சொல்வது, தனியாக மிஷனெரிப் பணி செய்வது தகுமா என்பதில் சபைகளுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. 2015-இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், யூதர்களுக்கென்று நிறுவன ரீதியான மிஷனெரிப் பணியைத் தன் சபை நடத்துவதில்லை என்றும், விசுவாசிகள் தாழ்மையோடு தங்கள் சாட்சியைச் சொல்லலாம் என்றும் கூறியது. பல சுவிசேஷ சபைகள் வேறுவிதமாக நம்புகின்றன. நீங்கள் எந்தப் பக்கத்தில் நின்றாலும் கட்டாயப்படுத்துவதற்கும் ஏமாற்றுவதற்கும் ஆசைகாட்டுவதற்கும் இடமே இல்லை. ஐந்தாம் படியைப் படித்தவருக்கு அதன் காரணத்தை மறுபடி சொல்லத் தேவையில்லை.

ஜெபத்தின் சொற்களைக் கவனியுங்கள். கத்தோலிக்கரின் புனித வெள்ளி வழிபாட்டில் நூற்றாண்டுகளாக யூதர்களை "விசுவாச துரோகிகள்" என்ற பொருளில் கேட்கக்கூடிய இலத்தீன் சொல்லால் குறிப்பிட்டு ஜெபித்துவந்தார்கள். 1959-இல் போப்பு 23-ஆம் யோவான் அந்தச் சொல்லை நீக்கினார். நம் சொந்த ஜெபங்களிலும் "கண் குருடான ஜனம்", "கடின இருதயமுள்ளவர்கள்" என்ற தொடர்கள் பழக்கத்தால் வந்துவிடும். அவற்றை விட்டுவிட்டு, நன்றியோடு தொடங்குங்கள்: இந்த ஜனத்தின் வழியாக வேதத்தைத் தந்தீர், இவர்கள் வழியாக மாம்சத்தின்படி கிறிஸ்து வந்தார். அடுத்து, மிரட்டலுக்கும் தாக்குதலுக்கும் பயந்து வாழ்கிறவர்களின் பாதுகாப்பைக் கேளுங்கள். அதன்பின் தேவன் தம் வாக்குத்தத்தங்களைத் தம் வேளையில், தம் வழியில் நிறைவேற்றும்படி கேளுங்கள். ரோமர் 11:25 இதை "இரகசியம்" என்கிறது. தேவன் இரகசியம் என்று வைத்ததற்கு நாம் கால அட்டவணை போட வேண்டியதில்லை.

ஏழாம் படி: பண்டிகைகளைப் பொறுத்தவரை

பஸ்கா, பெந்தெகொஸ்தே, கூடாரப் பண்டிகை ஆகியவற்றைப் பற்றிப் படிப்பது நம் வாசிப்பை வளமாக்கும். ஆனால் யூதக் குடும்பங்கள் கடைப்பிடிக்கும் பஸ்கா இரவு ஒழுங்கை எடுத்து, கிறிஸ்தவ அர்த்தங்களை ஏற்றி, சபையில் நாமாகவே நடத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. இன்றைய அந்த ஒழுங்கு, 70-ஆம் ஆண்டில் தேவாலயம் அழிந்த பிறகே பெரிதும் உருப்பெற்றது; ஆகவே அது கர்த்தரின் கடைசி இராப்போஜனத்தின் அச்சு நகல் அல்ல. நமக்குத் திருவிருந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு யூதக் குடும்பம் தங்கள் மேசைக்கு உங்களை அழைத்தால் மட்டும் மகிழ்ச்சியோடு போங்கள்.

எட்டாம் படி: இஸ்ரவேல் தேசம் என்ற கேள்வி

1948 மே மாதத்தில் உருவான இஸ்ரவேல் நாட்டைத் தீர்க்கதரிசன நிறைவேற்றமாகக் காண்கிற கிறிஸ்தவர்கள் பலர். 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வேத வரலாற்றைப் பல காலங்களாகப் பிரித்து வகுத்த கால வகுப்புகளும், 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகளும் அந்த எண்ணத்தைப் பரப்பின. வேறு பலர் அப்படிக் காண்பதில்லை. இந்த இரண்டு தரப்பாரும் ஒரே குழுவில் உட்கார்ந்து ரோமர் 11-ஐப் படிக்க முடியும். அதற்குச் சில வேறுபாடுகளைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். யூத மக்களை நேசிப்பது வேறு, ஓர் அரசாங்கத்தின் ஒவ்வொரு செயலையும் ஆதரிப்பது வேறு. தீர்க்கதரிசிகளைப்போல இஸ்ரவேலை நேசித்தவர்கள் இல்லை. அதன் ராஜாக்களை அவர்களைப்போலக் கண்டித்தவர்களும் இல்லை. மறுபுறத்தில், அந்த அரசாங்கத்தின்மேல் உள்ள கோபத்தை எங்கோ ஒரு ஜெப ஆலயத்தில் ஜெபிக்கிறவர்மேல் காட்டுவது பழைய யூத வெறுப்பே தவிர வேறொன்றும் அல்ல.

பெத்லகேமிலும் எருசலேமிலும் காசாவிலும் வாழும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களையும் இங்கே மறக்கக் கூடாது. அவர்களும் கிறிஸ்துவின் சரீரத்தில் நம்மோடு அவயவங்கள். எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லும் 122-ஆம் சங்கீதத்தை ஜெபிக்கும்போது, அந்த நகரத்தில் குடியிருக்கிற எல்லாருடைய முகங்களும் நம் கண்முன் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: நேரில் சந்திக்கும்போது

இதுவரை வாசித்ததும் ஜெபித்ததும் ஒரு மனிதரின் முகத்துக்கு முன் எப்படி நிற்கிறது என்பது இங்கேதான் தெரியும். யூத நண்பர் ஒருவர் கிடைத்தால் முதலில் கேளுங்கள்: அவர் குடும்பத்தில் ஓய்வுநாள் எப்படிக் கடைப்பிடிக்கப்படுகிறது, எந்தச் சங்கீதம் அவருக்குப் பிரியமானது. பழைய ஏற்பாட்டை வைத்துக்கொண்டு இன்றைய யூதரை நாம் முழுமையாக அறிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மிஷ்னா, தல்மூத் என்ற யூத மரபு நூல்கள் என்று 2000 ஆண்டுகளாக அவர்கள் தொடர்ந்து படித்தும் விவாதித்தும் ஜெபித்தும் வந்திருக்கிறார்கள். தங்களை மதநம்பிக்கை அற்றவர் என்று சொல்லும் யூதர்களும் உண்டு.

ஜெப ஆலயத்துக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால், முன்னதாகவே தொடர்புகொண்டு அனுமதி கேளுங்கள். பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பல இடங்களில் அது அவசியம். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். வாசலில் சிறு தொப்பிகள் வைத்திருப்பார்கள். ஓய்வுநாளில் கைப்பேசியை எடுக்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள், குறிப்பும் எழுதாதீர்கள். எழுதுவது அந்த நாளில் விலக்கப்பட்ட வேலைகளுள் ஒன்று. கைப்பிரதிகளைக் கொண்டுபோகவே வேண்டாம். மோசேயின் ஐந்து புத்தகங்கள் எழுதப்பட்ட தோராச் சுருளைப் பேழையிலிருந்து எடுக்கும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். வாசிப்பையொட்டி ஒருவர் அந்தப் பாரமான சுருளை விரித்தபடியே இரு கைகளாலும் உயரத் தூக்கி, எழுத்துகள் சபையார் அனைவருக்கும் தெரியும்படி காட்டுவார். மோசேயின் புத்தகங்களிலிருந்து அந்த வாரத்துக்குரிய பகுதியும், அதோடு சேர்த்துத் தீர்க்கதரிசிகளிலிருந்து ஒரு பகுதியும் வாசிக்கப்படும். அவை எவை என்று முந்தின நாளே கேட்டு, தமிழ் வேதாகமத்தில் இரண்டையும் ஜெபத்தோடு வாசித்துவிட்டுப் போங்கள்.